மேற்படி டீச்சர்

திருச்சி,
11-6-1956.

அன்புள்ள தங்கை சொர்ணவல்லிக்கு,

ஆத்மநாதன் எழுதுவது. இங்கே நானும் அலமேலுவும், மகன், மருமகள், பேரன் ராசுவும் குறைவில்லாமல் இருக்கிறோம். உன் உடல்நிலையை நீதான் எழுதித் தெரிவிக்க வேண்டும். இக்கடிதத்தின் நோக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உன்னை 'ராணியம்மா' என்று அழைப்பவர்கள் யார், ஏன் அப்படி அழைக்கிறார்கள் என்பதை நான் அறிய வேண்டும்.

சென்ற வெள்ளிக்கிழமை கோர்ட்டு வேலையாகக் கீரனூர் சென்றிருந்தேன். பஸ் நிற்கும் இடத்தில் உங்கள் பள்ளி ஆசிரியர் அடைக்கலத்தைக் கண்டேன். சென்ற வருஷம் உன்னை அங்கே குடிவைக்க வந்தபோது பழக்கமானவர். "தங்கச்சி எப்படிங்க இருக்கு?" என்று கேட்டேன். அவர் வாய் திறக்குமுன் அருகில் நின்ற இன்னொரு வாத்தியார், "யாரு, நம்ம ராணியம்மாவா? நின்னுக்கிட்டே இருக்காங்க!" என்று சொல்லிச் சிரித்தார். அடைக்கலம் சிரிக்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. "பஸ் வந்திருச்சுங்க" என்று நகர்ந்துவிட்டார். பஸ் எதுவும் வரவில்லை.

கணவரை இழந்தபின், இரண்டு வருஷம் ட்ரெயினிங் படித்து, முப்பத்தெட்டாம் வயதில் நீ இந்த உத்தியோகத்தில் சேர்ந்தாய். எனக்குக் கிடைத்த தலைமை குமாஸ்தா பதவியைவிட அதை நான் பெரிதாக மதிக்கிறேன். அதைப் பற்றி ஒருவன் பொது இடத்தில் இளித்துப் பேசுவதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதற்கில்லை. உடனே பதில் எழுதவும்.

உன் அண்ணன்,
ஆத்மநாதன்.


மேலக்குறிச்சி,
25-6-1956.

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நான் சுகம். மதினிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ராசு இன்னும் மண் தின்கிறானா?

ராணியம்மா என்பது விளையாட்டுப் பேச்சு. நான் புதுக்கோட்டையில் சமஸ்தானத்துப் பெண் பள்ளியில் படித்தவள் என்பதால் அப்படிச் சொல்கிறார்கள். வேறு ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் ஒரே குடும்பம் போலத்தான். அதனால் கேலியும் இருக்கும்; அதில் ஒன்றுமில்லை.

அன்னவாசல் பஸ் கண்டக்டரிடம் மதினிக்கு நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு ஜாடி கொடுத்தனுப்பியிருக்கிறேன். வாங்கிக்கொள்ளவும். எனக்குப் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. அதுவும் ஒன்றுமில்லை.

தங்கை,
சொர்ணவல்லி.


திருச்சி,
28-6-1956.

அன்புள்ள சொர்ணவல்லிக்கு,

உன் கடிதமும் ஊறுகாயும் சேர்ந்தன. ஊறுகாய் நன்றாக இருந்தது. கடிதம் நன்றாக இல்லை.

கோர்ட்டு வேலைக்கு நான் வந்த நாளிலிருந்து பிறர் வாக்குமூலங்களைப் படித்துக்கொண்டிருப்பவன். 'ஒன்றுமில்லை' என்பதை ஒருவர் ஒரு பக்கத்தில் திரும்பத் திரும்பச் சொன்னால், அங்கே என்னவோ இருக்கிறது என்றே கொள்வது எங்கள் வழக்கம். 'நின்னுக்கிட்டே இருக்காங்க' என்றான் ஒருவன். உன் பாதம் வீங்கியிருக்கிறது என்கிறாய் நீ. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு யாரும் உதவி செய்ய வேண்டியதில்லை.

யார், எப்போது, யார் முன்னிலையில், என்ன செய்தார்? அலங்காரமும் சமாதானமும் இல்லாமல் எழுது.

அண்ணன்,
ஆத்மநாதன்.


மேலக்குறிச்சி,
8-7-1956.

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். கேட்டுவிட்டீர்கள். எழுதுகிறேன். மதினியிடம் படித்துக் காட்ட வேண்டாம்.

எங்கள் தலைமையாசிரியர் வீரய்யாவின் மைத்துனன் மனைவி இந்த ஏப்ரலில் ட்ரெயினிங் முடித்திருக்கிறாள். பள்ளியில் காலியிடம் இல்லை. நான் போனால் இருக்கும். கதை அவ்வளவுதான்; மற்றதெல்லாம் அதற்குக் கை கால்.

கோடை விடுமுறை முடிந்து முதல் நாள் வகுப்புக்குப் போனேன். என் நாற்காலியைக் காணோம். அது இருந்த இடத்தில் தலைமையாசிரியருடைய வெற்றிலைப் பணிக்கம் இருந்தது. அடுத்த வகுப்பிலிருந்து எழுந்து வருவார். நான் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொண்டிருப்பேன். என் காலடியில் அதில் துப்பிவிட்டுப் போவார். சில நேரம் குறி தவறும். புடவையைக் கசக்கினால் கறை போகிறது. வாடை போவதில்லை. பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுதுகின்றன.

நாற்காலி எங்கே என்று கேட்டேன். எல்லா ஆசிரியர்களும் இருந்தார்கள்.

"சமஸ்தானமே போயிருச்சு. ராணியம்மாவுக்கு இனிமே நாக்காலி எதுக்குங்க? சிம்மாசனம் சொல்லியிருக்கோம், செஞ்சு வார வரைக்கும் நில்லுங்க" என்றார். சிரித்தார்கள். அவர் சிரித்தால் சிரிக்க வேண்டும், அண்ணா. சிரிக்காதவன் பேரை அவர் குறித்து வைத்துக்கொள்வார்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால், "அங்கிட்டுப் போய் உக்காருங்கம்மா, நாங்க ஆம்பளைங்க நாலு வார்த்தை பேசணுமில்ல" என்கிறார். பெண் ஆசிரியை நான் ஒருத்திதான். கிணற்றடியில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். தண்ணீர் எடுத்து வைக்கிற இருளாயி என்னோடு வந்து உட்காருவாள். "அந்தாளு வெத்தலையா மெல்லுறாரு? மனுசங்களயில்ல மெல்லுறாரு" என்றாள் ஒரு நாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாலு நாளாகச் சிரிக்காததால் புரையேறிவிட்டது.

சனிக்கிழமைதோறும் வெள்ளைத் தாள் ஒன்றை என் முன் வைக்கிறார். "ஒடம்புக்கு முடியல, வேலைய விட்டுப் போறேன்னு ஒரு வரி எழுதுனாப் போதும். நானே தமிழ் திருத்தித் தாரேன்." நான் எழுதவில்லை. இந்த வேலை போனால் நான் எங்கே வந்து நிற்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் முகம் கோணமாட்டீர்கள். ஆனாலும் நான் வந்து நிற்க விரும்பவில்லை.

தங்கை,
சொர்ணவல்லி.


திருச்சி,
12-7-1956.

அன்புள்ள சொர்ணவல்லிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்துபோய்க் கை கழுவினேன். அன்று இரவு சாப்பாட்டுக்குப் பின் அலமேலு வெற்றிலைத் தட்டை எடுத்து வந்தாள், வேண்டாம் என்றேன். காரணம் சொல்லவில்லை. எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் இடத்தில் எச்சிலைத் துப்புகிறவன் வாத்தியார் என்ற பெயரோடு நடமாடுகிறான் என்று நினைக்கும்போதே எனக்குக் குமட்டுகிறது.

ஆனால் குமட்டல் பரிகாரம் ஆகாது. நீ மனுக் கொடுக்க வேண்டும். நேரே பள்ளிகளின் டெப்டி இன்ஸ்பெக்டருக்கு எழுத உனக்குத் தோன்றலாம்; எழுதாதே. ஓர் ஊழியரின் மனு அவருடைய உடனடி மேலாளர் வழியாகத்தான் மேலே செல்ல வேண்டும். ஆகவே நீ தலைமையாசிரியரிடம் கொடுத்து, அவர் பள்ளியை நடத்தும் மானேஜருக்கும், மானேஜர் இலாகாவுக்கும் அனுப்புவதே முறை. தன்மேல் வந்த மனுவேயானாலும் அதை மேலே அனுப்ப வேண்டியது அவர் கடமை. வழி தவறிய மனுவைப் படிக்காமலே திருப்பிவிடுவார்கள். பழியும் உன்மேல் விழும்.

மனுவின் வாசகத்தை நானே தயாரித்து இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரு சொல்லையும் மாற்றாமல் படியெடுத்துக் கையெழுத்திடு. அதில் அவரைப் பெயர் சொல்லாமல் 'மேற்படி தலைமையாசிரியர்' என்றும், உன்னை 'மேற்படி ஆசிரியை' என்றும் குறித்திருக்கிறேன். அது கண்ணியமான நடை.

காலுக்கு நல்லெண்ணெய் தடவு. தைரியமாக இரு.

அண்ணன்,
ஆத்மநாதன்.


மேலக்குறிச்சி,
19-8-1956.

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். பதில் தாமதமாகிவிட்டது. மன்னிக்கவும்.

நீங்கள் சொன்னபடியே மனுவைத் தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். முழுவதும் படித்தார். நடை நன்றாக இருக்கிறது என்று சொன்னார்.

இங்கே இன்னும் மழை இல்லை. எனக்குத் தொண்டை சரியில்லை. வகுப்பில் சத்தம் போட முடியவில்லை. மற்றபடி சுகம். ராசுவுக்கு முத்தம்.

தங்கை,
சொர்ணவல்லி.


திருச்சி,
22-8-1956.

அன்புள்ள சொர்ணவல்லிக்கு,

மிகுந்த திருப்தி. அவர் நடையைப் பாராட்டியது நான் எதிர்பாராதது. எப்படியானாலும் படித்தவர் அல்லவா? மனு எழுத்தில் வந்துவிட்டால் முரடனும் யோசிப்பான் என்பது என் அனுபவம். இனி மானேஜரின் மறுமொழி வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். நினைவூட்டுக் கடிதம் இப்போது வேண்டாம், அவசரப்பட்டதாகத் தோன்றும்.

தொண்டைக்கு மிளகுப் பால் குடி.

அண்ணன்,
ஆத்மநாதன்.


மேலக்குறிச்சி,
16-9-1956.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

ஆசிரியர் அடைக்கலம் எழுதிக்கொண்டது. கீரனூரில் தங்களைக் கண்டு, பஸ் வந்ததாகப் பொய் சொல்லி ஓடியவன் நான்தான். தங்கள் தங்கைக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன்.

அவர்கள் கொடுத்த மனு இந்தப் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே போகவில்லை, ஐயா. கொடுத்த மறுநாள் காலை, பிரார்த்தனை முடிந்து பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது, எச்.எம். அதைப் பிரித்து உரக்க வாசித்தார். பெண் குரலில், கையை ஆட்டி ஆட்டி வாசித்தார். 'மேற்படி' என்று வந்த இடத்திலெல்லாம் நிறுத்தி, "எல்லாரும் சொல்லுங்கடா" என்றார். பிள்ளைகள் 'மேற்படி' என்று கத்தின. அம்மா தன் வகுப்பு வரிசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்கள். நாங்களும் நின்றிருந்தோம். சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அன்றிலிருந்து அம்மாவுக்குப் பேர் 'மேற்படி டீச்சர்'. ஆசிரியர்களுக்கு ஆஜர் எடுக்கையில் அம்மா பேச வாயெடுத்தாலே, "மேற்படி டீச்சர் மேற்படி விசயத்த மேற்படியாச் சொல்லுவாங்க" என்று யாராவது தொடங்குவார்கள். தெருவில் போனாலும் பையன்கள் கூவுகிறார்கள். அம்மா வகுப்பைத் தவிர வேறெங்கும் பேசுவதில்லை. இப்போது வகுப்பிலும் குரல் எழும்புவதில்லை.

மானேஜர் பெரிய மிராசு. எச்.எம். வாயால் கேட்பதுதான் அவருக்குச் செய்தி.

இன்னொன்று. விஜயதசமி அன்று புதுப் பிள்ளைகளைச் சேர்க்கும்போது, ஒன்றாம் வகுப்பு ஆசிரியர்தான் அரிசியில் கைபிடித்து முதல் எழுத்தை எழுத வைப்பது இங்கே வழக்கம். சென்ற வருஷம் எச்.எம். அம்மாவை ஸ்டோர் ரூமில் போய் இருக்கச் சொன்னார். "நல்ல காரியம் நடக்கயில தாலியறுத்தவங்க எதுக்க நிக்கப்படாதுங்கம்மா, ஊருக்காரங்க கோவிச்சுக்குவாங்க" என்றார். ஊர்க்காரர் யாரும் அப்படிச் சொல்லவில்லை. பெற்றோர் போகும்வரை அம்மா உள்ளேயே இருந்தார்கள். இந்த வருஷம் வெளியே பூட்டுப் போடுவதாகவும், அதற்குள் ராஜினாமா வந்துவிட்டால் பூட்டு மிச்சம் என்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எனக்கு மூன்று பெண்கள். அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

தங்கள் உண்மையுள்ள,
அடைக்கலம்.


திருச்சி,
19-9-1956.

அன்புள்ள சொர்ணவல்லிக்கு,

அடைக்கலம் எழுதிவிட்டார். அவர்மேல் கோபிக்காதே.

உன்னை அவர்கள் அடித்த கோலை நான் செதுக்கிக் கொடுத்திருக்கிறேன். திருடனைப் பற்றிய புகாரைத் திருடன் கையிலேயே கொடுத்தனுப்பும் முறையை முறை என்று நம்பினேன். 'நடை நன்றாக இருக்கிறது' என்ற வரியைப் படித்து மகிழ்ந்தேன்! அந்தக் கடிதத்தை இப்போது எடுத்துப் படித்தால் என்னைப் பற்றியே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. நீ ஏன் மறைத்தாய் என்று கேட்க எனக்கு வாயில்லை.

ஒன்று மட்டும் உறுதி. அந்த விஜயதசமி நாளில் நீ அந்த அறைக்குள் இருக்கக் கூடாது. முதல் நாளே புறப்பட்டு இங்கே வந்துவிடு. அன்று நம் ராசுவுக்கும் எழுத்துத் தொடக்க நினைத்திருக்கிறோம். எங்கள் தெரு வக்கீல் ஐயா வந்து கைபிடித்து எழுதி வைக்க இசைந்திருக்கிறார். இருபது பேராவது வருவார்கள். அலமேலுவுக்கு முழங்கால் முடியவில்லை. பலகாரத்தை நீ பார்த்துக்கொண்டால் அவளுக்கும் உதவியாக இருக்கும். உனக்கும் மனத்துக்கு ஆறுதலாக இருக்கும்.

அண்ணன்,
ஆத்மநாதன்.


மேலக்குறிச்சி,
30-9-1956.

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். அடைக்கலம் அண்ணன்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் சிரிக்கும்போது தரையைப் பார்த்துத்தான் சிரித்தார். உங்கள் மேலும் கோபமில்லை. நீங்கள் வருந்துவீர்கள் என்றுதான் எழுதவில்லை.

போன விஜயதசமி அன்று ஸ்டோர் ரூமில் பழைய நிலப்படங்களுக்கும் உடைந்த பெஞ்சுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் அழுகிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அழுகை. எதற்கு என்ன சொன்னால் அடங்கும் என்று எனக்குத் தெரியும். அவர் அதட்டினார். மறுநாளிலிருந்து அந்தப் பிள்ளைகளை என்னிடம் விட்டார். அவற்றின் மூக்கைத் துடைக்க, எழுத்தைப் படிக்க வைக்க, நான் ஆவேன்.

சென்ற வாரம் முத்தாள் வந்தாள். அவள் மகள் என்னிடம்தான் போன வருஷம் படித்தது. "எம் மகனுக்கு நீங்கதான் டீச்சர் கையப் புடிச்சு எழுதணும்" என்றாள். "நான் எழுதக் கூடாதாம், முத்தாளு" என்றேன். "யாரு சொன்னா? எம் புருசனுந்தான் போயிட்டான். நான் நட்ட நாத்து வெளையாமயா போச்சு?" என்றாள். அவளைச் சமாதானப்படுத்தி அனுப்பினேன். எதற்காகச் சமாதானப்படுத்தினேன் என்று இப்போது யோசிக்கிறேன்.

உங்கள் அழைப்பைப் பலமுறை படித்தேன், அண்ணா. அன்பாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். இங்கே ஸ்டோர் ரூம், அங்கே சமையலறை. அங்கே பூட்டு இருக்காது. அவ்வளவுதான் வித்தியாசம். நம் குடும்பத்தில் எழுத்துச் சொல்லிக் கொடுப்பதைத் தொழிலாகக் கொண்டவள் நான் ஒருத்திதான். ராசுவுக்கு எழுத்துத் தொடங்குகிற நேரத்தில் நான் அதிரசம் சுட வேண்டும்.

வீரய்யா செய்ததற்கு எனக்கு அழுகை வரவில்லை. இதற்கு வந்தது.

நான் வரவில்லை. ராஜினாமாவை எழுதி வைத்துவிட்டேன். தேதி மட்டும் போடவில்லை. பூட்டுகிற சத்தம் கேட்டால் போடலாம் என்று இருக்கிறேன்.

மதினியிடம் எதுவும் சொல்ல வேண்டாம். ராசுவுக்கு என் ஆசி.

தங்கை,
சொர்ணவல்லி.


திருச்சி,
7-10-1956.

அன்புள்ள சொர்ணவல்லிக்கு,

உன் கடிதம் வந்து நான்கு நாள் ஆகிறது. மூன்று பதில்கள் எழுதிக் கிழித்தேன். மூன்றிலும் நான் என்னை நியாயப்படுத்தியிருந்தேன்.

வீரய்யாவை நான் எவ்வளவு எளிதாக அருவருத்தேன்! அவன் துப்பியது கண்ணுக்குத் தெரிகிற எச்சில். நான் செய்ததை அன்பு என்று பெயரிட்டு, முத்திரை ஒட்டி அனுப்பினேன். உன்னைச் சமையலறையில் வைத்தது ஒரு யோசனைகூட அல்ல. அது எனக்கு யோசிக்காமலே வந்தது. அதுதான் என்னால் ஜீரணிக்க முடியாதது.

நேற்று வீட்டில் எல்லாரும் இருக்கும்போது, ராசுவுக்கு நீதான் எழுத்துத் தொடங்க வேண்டும் என்று சொன்னேன். அலமேலு பதறிவிட்டாள்.

"சொர்ணத்து மேல எனக்கென்னங்க கோவம்? ஆனா நல்ல நாளும் அதுவுமா, பிள்ளைக்கு ஆகுமா? ஊரு ஒலகத்துல இல்லாததச் சொல்லுறீங்களே!"

அவளுக்குச் சொல்ல என்னிடம் விதி எதுவும் இல்லை. கோர்ட்டில் எதற்கும் ஒரு செக்ஷன் எடுத்துக் காட்டிப் பழகியவன் நான். மருமகள் செவந்தி அடுப்படியிலிருந்து வந்தாள். அவள் என் எதிரில் இதற்கு முன் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசியதில்லை.

"அவனுக்கு அம்மை வாத்தப்ப சின்ன அத்தைதான் அத்தனை நாளும் மடியில போட்டுக்கிட்டு இருந்தாங்க. நான் கிட்டக்கப் போகப் பயந்துகிட்டு இங்கிட்டு நின்னேன். அப்ப ஆன கைதான மாமா? அவங்களே எழுதட்டும்."

என் மகன், "அவ சொல்லுறதுதான்" என்றான். அலமேலு நேற்று முதல் என்னோடு பேசவில்லை. பேசும்போது பேசட்டும். வக்கீல் ஐயாவிடம் நானே சென்று, வர வேண்டாம் என்று தெரிவித்துவிட்டேன். காரணம் கேட்டார். சொன்னேன். அவருக்கும் பிடிக்கவில்லை.

அந்த மனுவின் நகலை, நடந்தவற்றையும் சேர்த்து, என் பெயரில் என் கையெழுத்தில் நேராக டெப்டி இன்ஸ்பெக்டருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அதில் 'மேற்படி' என்ற சொல் இல்லை. அவன் பெயரையும் உன் பெயரையும் முழுதாக எழுதியிருக்கிறேன். வழிமுறை தவறிய மனுதான், தெரிந்தே தவறினேன். அவர்கள் அதை என்ன செய்வார்கள் என்பதை நான் உத்தரவாதமாகச் சொல்ல முடியாது. இனி எதையும் உத்தரவாதமாகச் சொல்வதாக இல்லை.

உன் ராஜினாமாவைப் பற்றி நான் வாய் திறக்கப் போவதில்லை. அது உன்னுடையது. தேதி போடுவதும் கிழிப்பதும் உன் கையில் இருக்கிறது. நான் என்ன செய்யப் போகிறேன் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை, விஜயதசமி அன்று, முதல் பஸ்ஸில் நானும் மகனும் செவந்தியும் ராசுவும் புறப்படுகிறோம். பிள்ளைகளைச் சேர்க்கும் நேரத்தில் உங்கள் பள்ளிக்கூடத்துக்குள் வருவேன். என் பேரனுக்கு ஆசிரியை சொர்ணவல்லி எழுத்துத் தொடங்கி வைக்க வேண்டும் என்று ஊரார் எதிரில் கேட்பேன். முத்தாளுக்குச் சொல்லியனுப்பு, அவளும் தன் மகனோடு வந்து நிற்கட்டும். வீரய்யா மறுத்தால் அவனோடு நான் விவாதிக்க மாட்டேன். நேரே அந்த ஸ்டோர் ரூமுக்குப் போவேன். பூட்டியிருந்தால் அந்தக் கதவுக்கு எதிரிலேயே தாம்பாளத்தை வைத்து, அரிசியைப் பரப்பி, ராசுவை உட்கார வைத்து, நானும் பக்கத்தில் தரையில் உட்காருவேன். பூட்டு திறக்கும் வரை எழுந்திருக்க மாட்டேன்.

அண்ணன்,
ஆத்மநாதன்.